பத்தாவது ஆள்

எங்கள் தெருவில் யாருக்கு என்றைக்கு வார லீவு என்று கேட்டால் நோட்டுப் போட்டு எழுத வேண்டும். கோடி வீட்டு ரெட்டியார் பையனுக்குச் செவ்வாய். எதிர்வீட்டில் புருஷனுக்கு வியாழன், பெண்டாட்டிக்கு ஞாயிறு. மாடியில் குடியிருக்கும் ஒடிசாப் பையன்கள் நான்கு பேருக்கும் ஒரே கம்பெனி, ஆனால் நான்கு கிழமை. எனக்கு ஞாயிறு, என் வீட்டுக்காரருக்குப் புதன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பகலில் சேர்ந்து வீட்டில் இருந்த நாள்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் பண்டிகையாக இருக்கும், இல்லையென்றால் எங்காவது சாவு விழுந்திருக்கும்.

குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓசூரும் பாகலூரும் எனக்குச் சோறு போட்ட ஊர்கள். தர்மபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமியிலிருந்து, பிளஸ் டூ முடித்த கையோடு வந்து, கைக்கடிகாரம் பூட்டும் லைனில் உட்கார்ந்தவள் நான். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு கேள்வி மட்டும் விடாமல் துரத்துகிறது. இந்தத் தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ், ஒடியா எல்லாம் புழங்குகிறது. யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது. கோயிலுக்கு வரி கேட்டால் எல்லாரும் கொடுக்கிறார்கள். இருந்தும் நாங்கள் ஒரு ஊராக இல்லை. ஏன்?

இதற்குப் பதில் மாதிரி ஒன்று எனக்குக் கிடைத்தது மட்டாஞ்சேரியில். லைனில் வேலை செய்யும் பெண்கள் வேன் பிடித்துக் கொச்சிக்குப் போனோம். எப்படியோ ஆள் மாற்றி, லீவு மாற்றி எல்லாருக்கும் கிடைத்த ஒரு சனிக்கிழமை. யூதத் தெருவின் கடைசியில் இருக்கும் பரதேசி ஜெபாலயத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை சுற்றுலாக்காரர்களுக்கு அனுமதி இல்லையாம். உள்ளே தொழுகை நடக்கிறதா என்று கேட்டோம். இல்லை, தொழுவதற்கு ஆள் போதாது, பத்துப் பேர் வேண்டும், ஊரில் அத்தனை பேர் இல்லை என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஆள் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான் என்று அவர் சொன்னது எங்கள் கூட்டத்தில் பலருக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு இல்லை.

மறுநாள் உள்ளே போனோம். 1568-இல் கட்டியது. தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், கையால் வரைந்தவை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளை அழி போட்ட மேடை. வெளியே 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டு. அதன் ஒரு முகத்தில் ஹீப்ரு எண்கள், இன்னொன்றில் ரோமன், மற்றொன்றில் மலையாளம். தொழில் புத்தி, நான் முள்ளைத்தான் முதலில் பார்த்தேன்.

பத்துப் பேர் கணக்கு என்னவென்று பிறகு தேடிப் படித்தேன். யூத மரபில் தனியாக ஒருவர் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பிரார்த்தனை செய்யலாம். ஆனால் சில பகுதிகளைப் பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். வேதச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து முறைப்படி வாசிக்கவும் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது ஞானிகள் கூடினாலும் நடக்காது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் கூடினால் நடக்கும் என்று அவர்களிடையே ஒரு சொலவடை உண்டு. வந்தவருக்குப் பக்தி எவ்வளவு, போன வாரம் என்ன தப்புச் செய்தார் என்றெல்லாம் வாசலில் விசாரிப்பது கிடையாது. தலையைத்தான் எண்ணுகிறார்கள்.

நம்மூர் ஆன்மிகம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். மனசு சுத்தமாக இருந்தால் போதும், கோயிலுக்கே போக வேண்டாம், உள்ளுக்குள்ளே பார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சித்தர்கள் முதல் யூடியூப் சாமியார்கள் வரை அதே பேச்சு. உயர்ந்த பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூங்கும் வீட்டின் கதவைச் சத்தமில்லாமல் திறக்கிறவளிடம் ‘உள்ளே பார்’ என்றால் என்ன இருக்கும்? அலுப்புதான் இருக்கும். அவளைத் தேடி யாராவது வந்து, ‘நீ வராவிட்டால் எங்களால் தொடங்க முடியாது, ஒரு ஆள் குறைகிறது’ என்று சொன்னால் கதை வேறு.

சாவுக்கும் அவர்கள் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். பெற்றவர் இறந்தால் பிள்ளை பதினொரு மாதம் ‘கதீஷ்’ என்ற துதியைச் சொல்ல வேண்டும். தினமும், அதுவும் பத்துப் பேர் கூடிய சபையில். துக்கத்தில் இருப்பவன் வீட்டுக்குள் சுருண்டு படுக்க முடியாது. எழுந்து, முகம் கழுவி, ஒன்பது பேரைத் தேடிப் போக வேண்டும். ஊர் சின்னதாக இருந்தால் அந்த ஒன்பது பேரும் அவனுக்காகவே எழுந்து வர வேண்டும். இதைப் படித்தபோது என் அம்மாவின் சாவு நினைவுக்கு வந்தது. காரியம் முடிந்து நான் பாகலூர் திரும்பிய பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குறையில்லாமல்தான் வந்தார்கள். ஆனால் தவணை முறையில். செவ்வாய் லீவுக்காரர்கள் செவ்வாய், வியாழன் லீவுக்காரர்கள் வியாழன். ஒவ்வொருவருக்கும் அம்மா எப்படிப் போனாள் என்பதை முதலிலிருந்து சொன்னேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அது ஒப்பிப்பதாகிவிட்டது. சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை அழுதிருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்தப் பத்துப் பேர் கணக்கைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. பழைய முறையில் அந்தப் பத்துப் பேரும் ஆண்கள். மட்டாஞ்சேரியில் பெண்களுக்கு மேல்மாடம். பத்துப் பேர் சேரவில்லை என்று ஊர் வருந்திய காலத்தில் மாடத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தால் எரிச்சல் வருகிறது. அமெரிக்காவில் கன்சர்வேடிவ் பிரிவினர் 1973-இல்தான் பெண்களையும் எண்ணலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. கேரள யூதப் பெண்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை என்பது ஒரு ஆறுதல். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் அவர்களுக்கென்றே பாட்டுகள் இருந்தன. நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, தாய் மகளுக்குக் கொடுத்து, ஆண்கள் இருக்கும் சபையிலும் பாடியிருக்கிறார்கள். அந்த நோட்டுகளைத் திரட்டி மொழிபெயர்க்க உதவியவர் ரூபி டேனியல், இந்தியக் கடற்படையில் வேலை பார்த்த கொச்சி யூதப் பெண்.

இதைவிட மோசமான கதை ஒன்றும் அதே ஜெபாலயத்தில் நடந்தது. ‘வெள்ளை யூதர்’ என்று சொல்லிக்கொண்ட பரதேசி யூதர்கள், தங்களிடம் முன்பு அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தைச் சரிசமமாக உட்கார விடவில்லை. அவர்கள் இருந்த இடம் வெளிக்கூடம், தரை. வேதம் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். சாதி எங்கிருந்து அவர்களுக்குள் போனது என்று நாம் கேட்க வேண்டியதில்லை, நமக்கே தெரியும். அந்த வம்சத்தில் பிறந்து, மதராஸில் படித்து வக்கீலானவர் ஏ.பி.சேலம். காந்தியின் வழியை எடுத்துத் தன் ஜெபாலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று அவருக்குப் பெயர். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் தளர்ந்து முடிவதற்குள் காலம் போய்விட்டது. 1948-இல் இஸ்ரேல் உருவானது. ஐம்பதுகளில், பரதேசிகள் அல்லாத மலபார் யூதர்கள் ஊர் ஊராகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். எண்ண மறுத்த தலைகளும் போயின, எண்ணிய தலைகளும் போயின. மட்டாஞ்சேரியில் மிஞ்சியிருந்தவர்களில் சாரா கோஹென் 2019-இல் தொண்ணூற்றாறு வயதில் இறந்தார். தையல் வேலைப்பாடு செய்து தெருவில் கடை வைத்திருந்தவர். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, இன்றும் அந்தக் கடையைக் காப்பாற்றி வருபவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். அவருக்குப் பிறகும் அங்கே இருந்த குயீனி ஹலேகுவாவும் 2024-இல் மறைந்தார்.

தமிழ்நாட்டிலும் இவர்கள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்தைத் தேடி மதராஸுக்கு வந்த யூத வியாபாரிகள் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரிடம் செல்வாக்கோடு வாழ்ந்தவர்கள். இன்று மிச்சம், லாயிட்ஸ் சாலைக் கல்லறையில் நகர்த்திவைத்த சில கல்வெட்டுகள். பணம் இருந்தது, பத்துப் பேர் நிலைக்கவில்லை.

ஆளே இல்லாத மட்டாஞ்சேரி சனிக்கிழமை ஏன் பூட்டியிருந்தது என்ற விஷயத்துக்கு வருகிறேன். என் மனசில் தங்கியது அதுதான். அது எனக்குப் புரிந்தது வேறொரு யூதக் கூட்டத்தின் கதையில்.

கொங்கணக் கரையில், அலிபாக் சுற்று வட்டாரத்தில் பெனே இஸ்ரேல் என்றொரு யூதக் கூட்டம். கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வாரிசுகள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பல நூற்றாண்டுகள் உலகத்து யூதர்களோடு தொடர்பு அற்றுப்போய், மொழி மறந்து, புத்தகம் மறந்து, மராத்தி பேசிச் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். விருத்தசேதனம், செதிலில்லாத மீனைச் சாப்பிடாதது, ஒரு சின்ன பிரார்த்தனை வரி, இவற்றோடு சனிக்கிழமை செக்கு ஓட்டாமல் இருப்பது, இவ்வளவுதான் கையில் மிஞ்சியது. அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். என்ன கும்பிடுகிறார்கள் என்பது பக்கத்து ஊருக்குத் தெரியாது. என்றைக்குச் செக்குச் சத்தம் கேட்காது என்பது தெரியும். அந்த ஓய்வையும் மிஞ்சிய மற்ற வழக்கங்களையும் வைத்தே பின்னாளில் வந்த யூதர்கள் இவர்களை இனம் கண்டு, மறந்த மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஓய்வுக்கு விதிகள் கடுமை. வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே விளக்கேற்றிவிட வேண்டும். சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை முப்பத்தொன்பது வகை வேலை கூடாது. உழக் கூடாது, தைக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது, எழுதவும் கூடாது. இன்றைய ஆசாரக்காரர்கள் சுவிட்சையும் தொட மாட்டார்கள். முதலாளிக்கு மட்டுமான விதி இல்லை இது. வேலைக்காரனுக்கும், வந்த விருந்தாளிக்கும், மாட்டுக்கும் சேர்த்துத்தான். வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஜெபாலயத்துக்கு நடந்துதான் போக வேண்டும். ஆகவே நடக்கிற தூரத்தில் வீடு பார்க்க வேண்டும். நடக்கிற தூரத்தில் எல்லாரும் வீடு பார்த்தால் அங்கே ஒரு தெரு வந்துவிடுகிறது. 1950-இல் அமெரிக்கக் கன்சர்வேடிவ் ரபிகளின் சட்டக் குழுவில் பெரும்பான்மையினர், புறநகரில் குடியேறியவர்களுக்காக, ஜெபாலயத்துக்கு மட்டும் காரில் வரலாம் என்று அனுமதித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கார் வந்ததும் வீடுகள் இன்னும் தள்ளித் தள்ளிப் போய்விட்டன என்று அவர்களே பின்னாளில் வருத்தப்பட்டார்கள். நம் பாகலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் முளைக்கும் லேஅவுட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வீடு வாங்கும்போது பைக்கில் கம்பெனிக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்கிறோம். யார் வீட்டுக்கு நடந்து போகலாம் என்று கேட்டு யாரும் மனை வாங்கியதாகத் தெரியவில்லை.

எங்கள் தெருவுக்கும் ஒரு சனிக்கிழமை மாதிரி உண்டு. மின்வாரியம் போடும் ‘மாதாந்திரப் பராமரிப்பு’. காலை ஒன்பதுக்குக் கரண்ட் போகும், சாயங்காலம்தான் வரும். அன்று கிரைண்டர் ஓடாது, டிவி ஓடாது, செல்போனில் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்குபவர்களும் ஃபேன் இல்லாமல் எழுந்து வாசலுக்கு வருவார்கள். மார்கழியில் அப்படி ஒரு நாள், ரெட்டியார் வீட்டம்மா அவரைக்காய் மூட்டையைத் திண்ணையில் கொட்டினார். ஆளுக்கு ஒரு முறம். கொட்டையை உரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு விரலால் பிதுக்கித் தோலைத் தள்ளிக்கொண்டே பேச்சு. ஒடிசாப் பையன் ஒருவனும் வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஆறு மாதமாகிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் தலைமேல் தினமும் நடந்துகொண்டிருந்த பையன்.

என் தம்பி இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். அமுதகொண்டப்பள்ளிப் பக்கம் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறவன். ‘அக்கா, மொட்டுக்கு உன் சனிக்கிழமை தெரியுமா?’ என்பான். நியாயம்தான். தாஜ்மகால் ரகம் வெட்ட வேண்டிய காலையில் வெட்டாவிட்டால் மத்தியானம் விரிந்துவிடும், விரிந்த பூ ஏற்றுமதிக்கு ஆகாது. பிப்ரவரி முதல் வாரத்தில் அவன் தூங்குவதே இல்லை. அவனிடம் நான் எலியாஹு பெசலேல் கதையைச் சொன்னேன். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்து, 1955-இல் இஸ்ரேல் போய், நெகேவ் பாலைவனத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தவர்; இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் பெற்றவர். அங்கேயும் மொட்டு காத்திருக்காது. சனிக்கிழமை போதாதென்று, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கே ஒரு வருஷம் ஓய்வு தர வேண்டும் என்ற விதியும் அவர்களுக்கு உண்டு. 2021 செப்டம்பர் முதல் மறு செப்டம்பர் வரை அப்படி ஒரு வருஷம். அதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் உண்டு. நிலத்தை யூதரல்லாத ஒருவருக்கு விற்றதாகப் பத்திரம் எழுதிச் சமாளிப்பவர்களும் உண்டு, அதை ஒப்புக்கொள்ளாத ரபிகளும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக இந்தச் சண்டை ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையே பிடித்திருக்கிறது. இங்கே நிலத்துக்கு ஓய்வு வேண்டுமா என்று சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஓய்வு தனித்தனியாகக் கிடைத்தால் போதாதா, எல்லாருக்கும் ஒரே நாள் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். புதன்கிழமைகளில் அவர் நன்றாகத் தூங்குகிறார், துணி துவைக்கிறார், வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறார். உடம்புக்கு அது போதும். ஆனால் வாரச் சந்தை தினம் கொஞ்சமாக நடந்தால் அது சந்தை ஆகாது. பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடியபோது சும்மா ஒரு நாள் லீவு கேட்கவில்லை. ஞாயிறு கேட்டார், அது கண்டோபா சாமியின் நாள் என்றார். 1890-இல் கிடைத்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டமும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் முதலில் சொன்னது. முன்னே பின்னே மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்த வரியிலேயே கதவையும் திறந்துவைத்தது. எங்கள் தெரு அந்தக் கதவு வழியாகத்தான் கலைந்தது.

யூதர்கள் அந்த நாளைக் கட்டளையாக வைத்ததன் சூட்சுமம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. விருப்பப்பட்டவர் ஓயலாம் என்று விட்டால் முதலில் வேலைக்குப் போகிறவன் கடன்காரன்தான். அவன் போனால் பக்கத்துக்காரன் போவான். அப்புறம் யாரும் ஓய முடியாது. எங்கள் லைனிலும் அதேதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றே ஒன்று, மொத்த லைனுக்கும் பொது லீவாக வேண்டும் என்று நான் சங்கத்தில் சொன்னபோது நிர்வாகத்துக்கு முன்னால் எதிர்த்தவர்கள் கான்ட்ராக்ட் பையன்கள். ஞாயிறு ஓ.டி. போய்விடுமாம். ஊரில் வீடு கட்டுகிறார்கள், தங்கைக்குச் சீர் செய்ய வேண்டும். அவர்களை என்ன சொல்வது? ஓ.டி. இல்லாமலே கட்டுப்படியாகிற சம்பளம் கிடைத்த பிறகுதான் பொது ஓய்வைப் பற்றிப் பேச முடியும் என்றால் அதுவும் சரிதான், இரண்டையும் சேர்த்தே கேட்போம் என்றேன்.

கமிட்டித் தம்பி எழுதிக்கொண்டார். சம்பள ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் அது இப்போது கடைசி வரி. அதற்கு மேல் வரி, கேன்டீனில் வாரம் இரண்டு நாள் முட்டை. முட்டை நிச்சயம் கிடைத்துவிடும் என்கிறார்கள்.